வாள் வரைந்த கைக்கு என்ன கிடைத்தது?

1998ஆம் ஆண்டு ஹாங்காங்கில் ‘தி ஸ்டார்ம் ரைடர்ஸ்’ என்ற படம் வெளியாகித் தியேட்டர்களை நிரப்பியது. மா விங்-ஷிங் என்ற ஓவியர் 1989 முதல் வரைந்து வந்த ‘ஃபுங் வான்’ என்ற வாள்வீச்சுப் படக்கதைதான் அதற்கு மூலம். அதே ஆண்டு சென்னை வடபழனியில் ‘அம்புலிமாமா’ சிறுவர் பத்திரிகை நின்றுபோனது. தொழிலாளர் தகராறு, பணமுடை என்று பல காரணங்கள். ஏறக்குறைய ஓராண்டு கழித்துத்தான் அது மறுபடி கடைக்கு வந்தது. அந்தப் பத்திரிகையில் ‘சங்கர்’ என்று கையெழுத்துப் போட்டு வரைந்துகொண்டிருந்த கே.சி. சிவசங்கரனுக்கு அப்போது 74 வயது. மா விங்-ஷிங்குக்கு 37. வாளேந்திய வீரனை வரைந்தே பெயர் வாங்கியவர்கள் இருவரும். ஆனால் மா தன் கதையைத் தானே அச்சிட்டு விற்ற முதலாளி. சங்கர் கடைசிவரை மாதச் சம்பளக்காரர். தமிழ்நாட்டில் ஏன் ஒரு மா விங்-ஷிங் வரவில்லை என்று கேட்டால், நம் ஓவியர்களுக்கு அந்த அளவு கை ஓடவில்லை என்றோ, நம் வாசகர்களுக்கு ரசனை போதாது என்றோ சிலர் சொல்வதுண்டு. இரண்டையும் ஏற்பதற்கில்லை. வரைகிறவரைக் கதையின் பங்காளியாகச் சேர்த்துக்கொள்ளாத நம் பதிப்புத் தொழிலின் கணக்கில்தான் பதில் இருக்கிறது.

முதலில் கை ஓடியதா என்று பார்த்துவிடுவோம். தாராபுரம் பக்கத்துக் கிராமமொன்றில் 1924இல் பிறந்து, சிறுவனாகச் சென்னைக்கு வந்து, முத்தையால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் படித்தவர் சிவசங்கரன். நாற்பதுகளின் தொடக்கத்தில் சென்னை ஓவியக் கல்லூரியில் சேர்ந்தபோது அங்கே முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினா கடற்கரையில் பாறையைப் பெயர்க்கும் நால்வரின் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் அவர்தான். அந்தச் சிலையைச் சுற்றி வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: பாரம் தூக்கும்போது முதுகு எப்படி வளைகிறது, முழங்கால் எந்தக் கோணத்தில் ஊன்றுகிறது, எந்தத் தசை புடைக்கிறது, எது தளர்கிறது என்பதெல்லாம் அதில் கணக்காக இருக்கும். சண்டைப் படக்கதை ஓவியருக்கு வேண்டிய அடிப்படைக் கல்வி இதுதான். ஹாங்காங் ஓவியர்கள் பலர் பதின்வயதில் ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்றதைச் சங்கர் ஒரு பெரிய சிற்பியின் நிழலில், முறையாக உடற்கூறு படித்துக் கற்றார். படிப்பை முடித்ததும் ‘கலைமகள்’ பத்திரிகையில் வேலை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் ‘அம்புலிமாமா’ அதிபர் நாகி ரெட்டி அழைக்க, அங்கே நல்ல சம்பளத்தில் சேர்ந்தார். அங்கே ஏற்கெனவே சித்ரா, எம்.டி.வி. ஆச்சார்யா போன்ற கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். பத்திரிகை பல இந்திய மொழிகளில் வெளியானதால் ஒரே படம் ஒரே மாதத்தில் ஆந்திராவிலும் ஒரிசாவிலும் மராட்டியத்திலும் பார்க்கப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கு அருகில் அவர் அங்கேயே வரைந்தார்.

அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது ஒரே படம். உருவிய வாளுடன் விக்கிரமாதித்தன் சுடுகாட்டு வழியே நடக்கிறான், தோளில் பிணம், பிணத்துக்குள் வேதாளம். இந்தப் படத்தில் சண்டையே இல்லை, யாரும் யாரையும் அடிக்கவில்லை. இருந்தும் பார்ப்பவருக்கு இவன் சண்டைக்காரன் என்று சந்தேகமே எழுவதில்லை. தோளில் ஒரு மனித உடலின் முழு எடை இருக்கிறது. அதைச் சமாளிக்க இடுப்பு மறுபக்கம் சாய்ந்திருக்கிறது. ஆனாலும் வாள் பிடித்த கை தளரவில்லை. இந்த எடைதான் சங்கரின் தனிச்சொத்து. மா விங்-ஷிங்கின் வீரர்கள் எடையே இல்லாதவர்கள். அவர்களுடைய கூந்தலும் அங்கியும் காற்றில் பறக்கும், வாளிலிருந்து ஒளி கிளம்பும், கால் தரையைத் தொடுகிறதா என்பதே ஐயம். இரண்டும் இரண்டு வகை வித்தை; ஒன்றை மற்றதைவிட உசத்தி என்று சொல்ல முடியாது. பத்திரிகைக் கணக்கில் பார்த்தால் இன்னொரு விஷயமும் உண்டு. மரபு வழியில் வேதாளக் கதைகள் இருபத்தைந்துதான். ‘அம்புலிமாமா’வில் அந்தத் தொடர் பல நூறு கதைகள் ஓடியது. பழைய கதைகள் தீர்ந்ததும் வேறு இடங்களிலிருந்து எடுத்த கதைகளையும் புதிதாகப் புனைந்த கதைகளையும் வேதாளத்தின் வாயில் போட்டார்கள். மாதாமாதம் கதை மாறியது; எழுதியவரும் மாறியிருக்கலாம். மாறாமல் நின்று வாசகனைப் பக்கத்துக்கு இழுத்தது அந்த உருவம்தான். ஒரு தொடரை அரை நூற்றாண்டு தாங்கிய உருவத்தைப் படைத்தவருக்கு அந்தத் தொடரில் பங்கு உண்டா என்ற கேள்வி அப்போது யாருக்கும் எழவில்லை.

ஹாங்காங்கில் அந்தக் கேள்வி எழுந்தது மட்டுமல்ல, அதற்கு ஒரு முரட்டுப் பதிலும் கிடைத்தது. வோங் யுக்-லாங் 1950இல் குவாங்டோங் மாகாணத்தில் பிறந்தவர். சிறுவயதில் ஹாங்காங்குக்கு வந்து, பள்ளிப் படிப்பை விட்டுவிட்டுப் பதின்மூன்று வயதுவாக்கில் படம் வரையத் தொடங்கியவர். 1970இல் அவர் தொடங்கிய ‘சிறு போக்கிரிகள்’ என்ற தொடரில், அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புப் பையன்கள் ரவுடிக் கும்பல்களை அடித்து நொறுக்குவார்கள். ரத்தம், குடல், உடைந்த எலும்பு என்று பக்கத்துக்குப் பக்கம் ஓட, கல்வியாளர்கள் கொதித்தார்கள். 1975இல் ஆபாச, வன்முறை வெளியீடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. வோங் தொடரின் பெயரை ‘டிராகன் புலி வாசல்’ என்ற பொருளில் மாற்றி, தெருச்சண்டையைக் குங்ஃபூ வித்தையாக்கி, தொடரைக் காப்பாற்றிக்கொண்டார். இங்கே கவனிக்க வேண்டியது, சட்டத்தோடு மல்லுக்கட்டியவர் யார் என்பதை. வெளியிட்டவரும் வரைந்தவரும் ஒரே ஆள். தொடர் அவருடையது, அதைக் காப்பாற்றும் கவலையும் அவருடையது. ‘ஜேட்மேன்’ என்ற அவரது நிறுவனம் 1986இல் ஹாங்காங் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. பள்ளியை முடிக்காத ஒரு படக்கதை ஓவியர் பங்குச் சந்தைக்குப் போனார். அமெரிக்காவுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்புகளை அனுப்பினார்.

அந்த நிறுவனத்துக்குள் வளர்ந்தவர்தான் மா விங்-ஷிங். எண்பதுகளில் அங்கே அவர் வரைந்த ‘சீன நாயகன்’ பெரும் பெயர் பெற்றது. பெயர் பெற்ற ஓவியர் என்ன செய்ய முடியும்? சென்னையில் என்றால் சம்பள உயர்வு கேட்கலாம், போட்டிப் பத்திரிகைக்குப் போகலாம். மா 1989இல் வெளியேறி, சொந்தப் பதிப்பகம் தொடங்கி, ‘ஃபுங் வான்’ வெளியிட்டார். சினிமாவும் அதன் தொடர்ச்சிகளும் வந்தன. கால் நூற்றாண்டு ஓட்டி, 2015இல் அந்தக் கதையை அவரே முடித்துவைத்தார். அவருக்கு முந்தைய தலைமுறையில் வோங் போட்டுக்கொடுத்த பாதை இல்லையென்றால் இது நடந்திருக்காது. ஓவியரே வெளியீட்டாளராகலாம் என்பதை ஒரு ஊர் ஒரு முறை பார்த்துவிட்டால், அடுத்தவருக்கு அது அதிசயமாகத் தெரிவதில்லை.

தமிழ்நாட்டில் அந்த முதல் ஆள் ஏன் வரவில்லை? இங்கேதான் கணக்கு வருகிறது. 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து ‘முத்து காமிக்ஸ்’ முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’ வந்தது. அது பிரிட்டிஷ் வார இதழ் ஒன்றில் வந்த கதை. வரைந்தவர் ஹெசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர். 1984இல் ‘லயன் காமிக்ஸ்’, அதே ஆண்டு ‘ராணி காமிக்ஸ்’. மாடஸ்டி பிளைசி, ஜேம்ஸ் பாண்ட், முகமூடி மாயாவி என்று எல்லாமே இறக்குமதி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தத் தமிழ்ப் பெயர்களும் மொழிபெயர்ப்பும் ஒரு தலைமுறையை வாசிக்கவைத்தன. அது சின்ன விஷயமல்ல. ஆனால் தொழிலின் நோக்கில் பாருங்கள். வெளிநாட்டுக் கதையின் மறுவெளியீட்டு உரிமை, படம் வரையும் செலவை ஏற்கெனவே வேறொரு நாட்டு வாசகனிடம் வசூலித்துவிட்ட சரக்கு. இங்கே மொழிபெயர்ப்பு, எழுத்துக் கோப்பு, அச்சு, அவ்வளவுதான். உள்ளூர் ஓவியர் நூறு பக்கக் கதையைப் புதிதாக வரைய வேண்டுமென்றால் மாதக் கணக்கில் அவருக்குச் சோறு போட வேண்டும். இரண்டு ரூபாய் புத்தகத்தில் அந்தச் செலவு அடங்காது என்று வெளியீட்டாளர் நினைத்தால் அதில் தப்பில்லை. விளைவு என்னவென்றால், உள்ளூர்க் கைகளுக்கு மிஞ்சியது பெரும்பாலும் அட்டைப்படம். வாளைச் சுழற்றி, குதிரையிலிருந்து குதித்து, மதில் ஏறி, நூறு பக்கம் ஓட்டிப் பழகும் வாய்ப்பு இங்கிருந்தவருக்குக் கிடைக்கவேயில்லை.

இதில் ஒரு பக்க விளைவும் உண்டு. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வார இதழ்கள் ஓவியர் பெயரைப் பொதுவாக அச்சிடுவதில்லை. 1977இல் வந்த ‘2000 ஏ.டி.’ இதழ்தான் அந்த வழக்கத்தை உடைத்தது. பெயரில்லாமல் வந்த கதை பெயரில்லாமலேயே தமிழுக்கும் வந்தது. மாயாவியைத் தெரிந்த லட்சக்கணக்கான தமிழ்ச் சிறுவர்களுக்குப் பிளாஸ்கோவைத் தெரியாது. படக்கதை என்றால் அது தானாக முளைத்து வருவது என்ற எண்ணம் வாசகனிடம் ஊறிப்போனதில் ஆச்சரியமில்லை. ‘தினத்தந்தி’யில் 1960 முதல் ஓடும் ‘கன்னித்தீவு’ 20,000 நாட்களைத் தாண்டிவிட்டது. முடியாத எதற்கும் அதை உவமையாகச் சொல்கிறோம். அதை வரைந்தவர்களில் ஒருவர் பெயரையாவது சொல்லச் சொன்னால் நம்மில் பெரும்பாலோர் விழிப்போம்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சந்தை சின்னது என்பார்கள். எண்களைப் பார்த்தால் நேர்மாறு. எண்பதுகளின் தொடக்கத்தில் ஹாங்காங் மக்கள்தொகை சுமார் 50 லட்சம். 1981 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 4 கோடியே 84 லட்சம். பாதிப் பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டாலும் ஹாங்காங்கைப்போல் நான்கு மடங்குக்கு மேல். குமுதம், ராணி போன்ற வார இதழ்கள் லட்சக்கணக்கில் விற்ற காலம் அது. வாங்கும் சக்தியில் பெரிய இடைவெளி இருந்தது உண்மை. ஹாங்காங் தொழிற்சாலைப் பையன் வாரம் ஒரு புத்தகம் வாங்கியது போல இங்குள்ளவர் வாங்கியிருக்க முடியாது. ஒருவர் வாங்கியதைப் பத்துப் பேர் படித்தார்கள், வாடகை நூலகங்கள் வேறு. ஆக, தொழில் இன்னும் சிறிதாக நடந்திருக்கும் என்பதைச் சந்தைக் காரணம் விளக்கும். அறவே நடக்காமல் போனதை அது விளக்காது. தொடர்கதைக்கும் துணுக்குக்கும் சினிமாச் செய்திக்கும் காசு கொடுத்த வாசகன் உள்ளூர்ப் படக்கதைக்குக் கொடுக்க மாட்டான் என்று யாரும் பரீட்சித்துப் பார்த்து முடிவுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. ‘அம்புலிமாமா’ படக்கதைப் பத்திரிகையே அல்ல. கதைக்குப் படம் போட்ட பத்திரிகை. சங்கரை வோங், மா வரிசையில் நிறுத்துவது நியாயமா? வடிவத்தில் வித்தியாசம் இருப்பது உண்மைதான். கட்டம் கட்டமாக நகரும் சண்டையில் ஓவியர் கதையையே நடத்துகிறார். ஓரத்துப் படத்தில் எழுத்தாளர் நடத்துகிறார், ஓவியர் பின்னால் வருகிறார். ஆனால் இந்த வித்தியாசமே இயற்கையாக வந்ததல்ல. ஒரு கதைக்கு இரண்டு மூன்று படம் போதும் என்றால் செலவு குறைவு. அதே ஓவியர் மாதத்தில் நாலு கதைக்குப் படம் போடலாம். சம்பளக் கணக்குக்கு அது ஒத்துவருகிறது. ‘கல்கி’யில் ‘பொன்னியின் செல்வ’னுக்கு மணியம் போட்ட படங்களுக்கும் இதே நிலைதான். வந்தியத்தேவன் எப்படி இருப்பான், குந்தவையின் கொண்டை எப்படி என்று தமிழனின் மனதில் பதித்தவர் மணியம். ஆனால் அவரைக் கதையாசிரியரின் துணைவராகத்தான் நினைக்கிறோம். வடிவம் ஓவியரைத் துணைவராக வைத்தது, துணைவராக இருந்ததால் வடிவம் மாறவில்லை. இந்தச் சுழலிலிருந்து வெளியே வர யாராவது சொந்தப் பணத்தைப் போட்டுத் துணிய வேண்டியிருந்தது.

துணிந்தவர் கதி என்ன ஆனது என்றும் கேட்பார்கள். வோங் யுக்-லாங்கின் பிற்காலம் அந்தக் கேள்விக்குத் தீனி போடும். 1987 பங்குச் சந்தைச் சரிவில் அவர் நிறுவனம் ஆட்டம் கண்டது; அதன் கட்டுப்பாட்டை அவர் இழந்தார்; 1991இல் கணக்கு மோசடிக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார். 1993இல் வெளியே வந்து, மறுபடியும் புதிய நிறுவனம் தொடங்கினார். சங்கருக்கு இந்தத் தலைவலியெல்லாம் இல்லை. மாதாமாதம் சம்பளம், வீடு, குடும்பம், அமைதியான வேலை. இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இந்த ஒப்பீட்டில் எனக்கே உறுத்தலாக இருக்கும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஹாங்காங் ஸ்டுடியோக்களில் ஒருவர் முகம் வரைவார், ஒருவர் உடையும் உடம்பும், ஒருவர் பின்னணிக் கட்டடம், ஒருவர் வண்ணம். அட்டையில் வருவது முதலாளி ஓவியரின் பெயர். மதில் சுவரின் செங்கல்லை எண்ணி எண்ணி வரைந்தவர் அங்கேயும் அநாமதேயம்தான். ஆகவே ஹாங்காங்கை அப்படியே நகல் எடுக்கச் சொல்வது என் நோக்கமல்ல. வரைகிறவருக்குச் சொத்தில் பங்கு இருந்தால் அவர் வீழவும் முடியும், எழவும் முடியும்; முடிவு அவர் கையில். ‘அம்புலிமாமா’ 2007இல் மும்பைக் கணினி நிறுவனம் ஒன்றுக்குக் கைமாறி, சில ஆண்டுகளில் அடியோடு நின்றது. அதில் ஓவியர்கள் முடிவெடுக்க ஒன்றுமே இல்லை. சங்கருக்கு அப்போது எண்பத்தெட்டு வயதை ஒட்டி. அவர் வேறொரு பத்திரிகைக்கு வரையப் போனார். 2020 செப்டம்பரில் காலமானார். பத்மஸ்ரீ அறிவிப்பு வந்தது 2021இல்.

கடைசியாக, நம் மரபில் கலைஞன் பெயர் போட்டுக்கொள்வதில்லை, கோயில் சிற்பி கையெழுத்திட்டாரா என்ற வாதம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இதற்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வட்டாரத்தில் தேரும் வாகனமும் கதவும் செதுக்கும் மரச்சிற்பிகள் தலைமுறை தலைமுறையாகப் பெயர் பொறிக்காதவர்கள்தான். ஆனால் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவர்கள் அதை வேண்டாமென்று சொல்லவில்லை. சந்தை என்று வந்துவிட்டால், இந்தக் கை செய்தது என்ற முத்திரைக்கு விலை உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும். அநாமதேயம் ஒரு அறமாக இருந்தது தெய்வத்துக்காகச் செய்த வேலையில். முதல் பக்கத்தில் பதிப்பாளர் பெயரும் அச்சகத்தின் முகவரியும் போட்டு விலைக்கு விற்கும் பத்திரிகையில், ஓவியர் ஒருவர் மட்டும் சிற்பி மரபைக் காக்க வேண்டும் என்பதில் நியாயம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் நிலைமை இன்னும் விசித்திரம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை செய்பவர் அந்தப் பத்திரிகைக்காகப் படைத்ததைப் பற்றித் தனியாகவே பேசுகிறது. வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், பத்திரிகையில் வெளியிடும் உரிமை முதலாளிக்கு. மற்ற எல்லா வகையிலும் முதல் உரிமையாளர் படைத்தவரே. அதாவது, அதே படத்தைச் சுவரோவியமாக்குவதோ, பொம்மையாக்குவதோ, சினிமாவாக்குவதோ படைத்தவர் பக்கம் இருக்கிறது. 57ஆவது பிரிவோ, உரிமையை விற்ற பிறகும் ‘இது என் படைப்பு’ என்று கோரும் உரிமை ஓவியரிடமே இருக்கும் என்கிறது. வேதாளக் கதை சோமதேவரின் ‘கதாசரித்சாகர’த்திலிருந்து வந்தது, யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, 1985இல் தூர்தர்ஷன் அதைத் தொடராக எடுத்தபோது யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. ஆனால் இந்த வீரன் இப்படித்தான் நடப்பான், இந்த வேதாளம் இப்படித்தான் தொங்கும் என்ற உருவம் வேறு விஷயம். அந்த உருவத்துக்குச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. வழக்கத்தில்தான் இடம் இல்லை.

வரைய விஷயம் இல்லை என்று சொல்லவும் வழியில்லை. உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் தியாகதுருகத்துக் குன்றின் மேலிருக்கும் கோட்டையைப் பார்க்காமல் இருக்க முடியாது. 1760இல் ஹைதர் அலியின் படையுதவிக்கு விலையாகப் பிரெஞ்சுக்காரர் இந்தக் கோட்டையைக் கொடுத்தார்கள். மறு ஆண்டு ஆங்கிலேயர் முற்றுகையிட்டு வாங்கினார்கள். 1790இல் திப்பு சுல்தான் தாக்கியபோது, பத்தாண்டுக்கு முன் வந்தவாசியைக் காத்த அதே பிளின்ட் என்ற அதிகாரிதான் உள்ளே இருந்தார். முற்றுகை, உளவு, துரோகம், மேற்கே கல்வராயன் மலைக்காடு, சிலம்பம் தெரிந்த கிராமத்து ஆட்கள்: வோங்கின் கையில் கிடைத்திருந்தால் இதை வைத்தே பத்து வருஷம் ஓட்டியிருப்பார். இன்று ஒரு டேப்லெட்டும் மென்பொருளும் இருந்தால் ஒரே ஆள் முகமும் உடையும் மதிலும் வண்ணமும் செய்துவிடலாம். உரிமத் தொகை, சிவகாசி அச்சு என்ற பழைய தடைகள் பாதி போய்விட்டன. ஓவியரை மடக்கும் இடம் இப்போது ஒப்பந்தத் தாளுக்கு மாறியிருக்கிறது. செயலிகளும் தளங்களும் நீட்டும் தாளில் ‘எல்லா உரிமைகளும், எல்லாக் காலத்துக்கும், உலகம் முழுவதும்’ என்ற வரி இருக்கும். அந்த வரி இல்லாமல் எழுதிக்கொடுத்தால், அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி காலம் குறிப்பிடாத உரிமை ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டுமே. எழுத்தில் கையெழுத்து இல்லாத உரிமை மாற்றம் செல்லவே செல்லாது. தியாகதுருகம் கோட்டையைக் கட்டம் கட்டமாக வரைய உட்காரும் இளைஞர் முதல் பக்கத்தைத் தொடுவதற்கு முன்னால் படிக்க வேண்டியது அந்தப் பிரிவை.